ஸ்டவ்வு வெடிச்சதுன்னு சொன்னாரு

சார், அந்த சிகரெட்டை அணைச்சிருங்க. கோவிச்சுக்காதீங்க, உங்களை மட்டும் சொல்லலீங்க, எல்லார்த்துக்கும் சொல்றதுதான். அதோ புல்லுக்கு நடுவால பச்சைப் பெயிண்ட் அடிச்சு ஆளுயரத்துக்கு ஒண்ணு நிக்குது பாருங்க, லைட்டுக் கம்பம்னு நெனைச்சீங்களா? இல்லீங்க, கேஸ் வெளிய போற குழாய். நீங்க உக்காந்திருக்கற பெஞ்சுக்கு அடியில இன்னும் நாப்பதடிக்குக் குப்பை கெடக்கு. பாதியைச் சலிச்சு எடுத்துட்டாங்க, மீதியை மண்ணு போட்டு மூடி மேல புல்லு வெச்சுட்டாங்க. உள்ள அது பாட்டுக்கு அவிஞ்சுட்டேதான் இருக்கும்.

அட, எந்திரிக்காதீங்க. பயப்படற மாதிரி ஒண்ணுமில்லை. நானும் இப்பிடி உக்காந்துக்கறேன். நிக்கறதுக்குத்தான் சம்பளம். இன்னைக்கு யாரு கேக்கப் போறாங்க.

ஊருக்குப் புதுசா நீங்க? அதான் கேட்டேன். இந்த ஊர்க்காரங்க இந்தப் பக்கம் வந்தா இன்னமும் மூக்கைத் தொட்டுப் பாத்துக்குவாங்க. கரட்டுமேடுன்னா அவங்களுக்குக் குப்பைமேடுதான். நான் இங்கயே பொறந்தவன். அதோ பசங்க சறுக்கற சறுக்கு மரம் இருக்குதுங்களே, அங்கதான் எங்க குடிசை. மொத்தம் நாப்பத்தி மூணு குடிசை. எல்லாரும் குப்பை பொறுக்கறவங்க. எங்கம்மாவும் இங்கதான் போச்சு. மழையில ஒரு மேடு சரிஞ்சு மேல விழுந்துருச்சு. எனக்கு நாலு வயசு, எங்கக்காவுக்குப் பதிமூணு. மயிலாத்தான்னு பேரு. அவதான் வெறுங்கையில தோண்டி எடுத்தா. நகமெல்லாம் பேந்துபோச்சு. அன்னையில இருந்து எனக்கு அம்மா அவதான். தனக்குச் சோறு இல்லைன்னாலும் என் வாயில ஊட்டுவா. என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டா, சாமின்னுதான் கூப்பிடுவா. "சாமி, வந்து தின்னுட்டுப் போடா."

இதை எதுக்குச் சொல்றேன்னா, அப்படிப்பட்டவ எனக்குப் பண்ணுனதைக் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

நான் கை நீட்டற ஆளு இல்லீங்க. இதை முதல்லயே சொல்லீர்றேன். ஒடம்பு கொஞ்சம் வாட்டசாட்டமா இருந்ததால, குப்பைமேட்டுல ஒழுங்கு பாக்கற வேலை எனக்குன்னு ஆகிப்போச்சு. யாரும் குடுக்கலை, நானா எடுத்துக்கிட்டேன். லாரி வந்து கொட்டும்போது பாத்திருக்கீங்களா? அத்தனை பேரும் ஒண்ணா விழுவாங்க. எல்லார் கையிலயும் இரும்புக் கொக்கி. ஒருத்தன் கொக்கி இன்னொருத்தன் கால்ல ஏறும். அதனால முறை வெச்சேன். இன்னைக்கு இந்த லாரி இன்னாருக்குன்னு. ஓதியப்பன்னு ஒருத்தன் முறை தப்பி ஏறுனான். ஒரே அடிதான். தாடை கழண்டுக்கிச்சு. நானேதான் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். அதுக்கப்பறம் மேட்டுல சண்டையே இல்லை. நான் இல்லைன்னா ஒருத்தரை ஒருத்தர் கொன்னிருப்பாங்க.

எங்கக்கா கட்டுனது வெள்ளிங்கிரி மச்சானை. அவரும் மேட்டுல பொறுக்கறவருதான், ஆனா எட்டாவது வரைக்கும் படிச்சவரு. மேட்டுல மனு எழுதத் தெரிஞ்ச ஒரே ஆளு. தண்ணி வரலையா, மனு. லாரிக்காரன் அடிச்சானா, மனு. குழந்தை குட்டி இல்லை அவங்களுக்கு. சாயங்காலமானா ஒரு அட்டைப்பெட்டி மேல பேப்பரை வெச்சுக்கிட்டு எழுதிட்டே இருப்பாரு. எனக்கு அவருமேல ஒரு கோவமும் இல்லீங்க. வாய்தான் ஜாஸ்தி.

அஞ்சு வருசத்துக்கு முன்னால பூங்கா போடறாங்கன்னு சேதி வந்துச்சு. அடுத்த வருசம் பெரிய பெரிய மெஷின் வந்து நின்னுச்சு. சலிக்கற மெஷின் ஒண்ணு, பொக்லைன் நாலு. கான்ட்ராக்ட் எடுத்தவங்களோட மேனேஜரு லோகநாதன்னு ஒருத்தரு, வெள்ளை காருல வந்து எறங்குனாரு. நேரா எங்கிட்ட வந்து, "மருதாசலம், நீங்க உள்ளாளு. நீங்க சொன்னா கேப்பாங்க"ன்னாரு. 'நீங்க'ன்னாருங்க. இந்தப் பொறப்புல என்னை நீங்கன்னு கூப்பிட்ட மொத ஆளு அவருதான். பூட்ஸ் ஒரு ஜோடி குடுத்தாரு, விசில் ஒண்ணு குடுத்தாரு. குடிசையெல்லாம் காலி பண்ணிக் குடுத்தா பூங்காவுல காவல் வேலை, காக்கி யூனிபாரம், நிரந்தரம்னாரு. நான் செருப்பில்லாம கண்ணாடிச் சில்லு மேல நடந்து வளந்தவன் சார். பூட்ஸைப் போட்டுக்கிட்டு அன்னைக்கு மேட்டைச் சுத்தி மூணு தடவை நடந்தேன்.

வீடு கட்டிக் குடுக்கறேன்னுதான் சொன்னாங்க, சும்மா போன்னு சொல்லலை. பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, மாடி வீடு. மச்சான் கேக்கலை. "பூங்கா வேண்டாம்னு நாங்க சொல்லலை. குப்பையைப் பிரிக்கறதுக்கு எங்களைவிட எவனுக்குத் தெரியும்? அந்த மெஷின்ல எங்களுக்கு வேலை குடு. வீட்டை இங்கயே பக்கத்துல குடு"ன்னு சொல்லி எல்லாரையும் உக்கார வெச்சுட்டாரு.

நான் பேசத்தான் போனேன். பேசிப் பாக்காம எதையும் செய்யலை.

"மச்சான், அவங்க பெரிய எடம். நம்மளால முடியாது"ன்னேன்.

அவரு என் காலைப் பாத்தாரு. "பூட்ஸ் நல்லா இருக்குதுடா. யாரு மேல மிதிக்கக் குடுத்தாங்க?"ன்னாரு.

அத்தனை பேரு முன்னால. எல்லாரும் சிரிச்சாங்க. ஓதியப்பன், அந்தக் கோணத் தாடையை வெச்சுக்கிட்டு, அவனும் சிரிச்சான். நான் ஒரு அறைதாங்க விட்டேன். தெரிஞ்சவருக்குள்ள, உறவுக்குள்ள விடற அறை. மச்சான் வாயில இருந்து ரத்தம் வந்துச்சு. துப்பிட்டு, திரும்ப அதையே கேட்டாரு. "யாரு மேல மிதிக்க?" அந்த மாதிரி ஆளு அவரு.

அடுத்த புதன்கிழமை பொக்லைன் உள்ள வந்துச்சு. மச்சான் போயி அதோட சங்கிலிப் பட்டைக்கு முன்னால மல்லாக்கப் படுத்துக்கிட்டாரு. அவரு பின்னாலயே பொம்பளைங்க, கிழவனுங்க எல்லாம் படுத்துட்டாங்க. மேனேஜரு ஆளுக பத்துப் பேரு இரும்புப் பைப்போட நின்னானுக. அவனுக வெளியூர்க்காரனுக சார், கண்ணுமண்ணு தெரியாம அடிப்பானுக. அதனாலதான் நான் முன்னால போனேன். என் கையால ஆனா கொஞ்சமா முடியுமேன்னு. மச்சான் காலைப் பிடிச்சு இழுத்தேன். அவரு பட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. விடுங்க மச்சான்னேன். விடலை. என் கையிலயும் பைப்பு இருந்துச்சு. முழங்கை முட்டிக்குக் கீழ ஒரு போடு போட்டேன். காஞ்ச முருங்கைக் கொம்பு ஒடியற மாதிரி ஒரு சத்தம். அப்பத்தான் கையை விட்டாரு.

அதுக்கப்பறம் ரகளை ஆகிப்போச்சு. கல்லு பறக்குது. பொக்லைன் கண்ணாடி ஒடஞ்சு டிரைவர் மூஞ்சியெல்லாம் ரத்தம். அந்தப் பத்துப் பேரும் உள்ள எறங்குனானுக. ஒரு கிழவி தலையைப் பிடிச்சுக்கிட்டு குப்பைக்குள்ளயே உக்காந்துட்டா. நான் ஒரு நாலஞ்சு பேரைத் தள்ளி விட்டேன், அவ்வளவுதான். ஒருத்தனுக்குப் பல்லு போச்சுன்னாங்க, அது விழுந்ததுல போயிருக்கும். பின்னாலிருந்து யாரோ கொக்கியை என் முதுகுல எறக்கி இழுத்தாங்க. திரும்பிப் பாக்கறதுக்குள்ள சட்டை ரெண்டாக் கிழிஞ்சு, முதுகும் அதோட கிழிஞ்சிருச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் எங்கக்கா வந்தா. மச்சான் அங்க கட்டுப் போட்டுக்கிட்டு முனகிட்டுக் கெடக்கறாரு, இவ மஞ்சளும் எண்ணெயும் கொண்டாந்து என் முதுகுல தடவறா. எந்திரிச்சுப் போகும்போதுதான் சொன்னா. "போதும்டா சாமி. நாளையில இருந்து அங்க போகாதே."

நான் போனேன். போகாம என்ன பண்றது? பூட்ஸைத் திருப்பிக் குடுக்கச் சொல்றீங்களா?

மேனேஜரு கூப்பிட்டு, திங்கக்கிழமைக்குள்ள எடம் காலியாகணும், இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னாரு. எப்படின்னு கேட்டேன். "அது உங்க சாமர்த்தியம்"ன்னாரு. தீ வைன்னு அவரு சொல்லலீங்க. அபாண்டமாப் பேசக் கூடாது.

வெள்ளிக்கிழமை எல்லாரும் மனு குடுக்கக் கலெக்டர் ஆபீசுக்குப் போனாங்க. குஞ்சு குளுவான் வரைக்கும் கூட்டிக்கிட்டு, எங்கக்காவும்தான் போனா. பதினோரு மணி இருக்கும். மேட்டுல நாயைத் தவிர ஒண்ணுமில்லை. நான் யோசிச்சேன். குடிசைதானே, தகரமும் தார்ப்பாயும்தானே? எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது, எப்படியும் மாடி வீடு குடுக்கறாங்க. ஒரு உசுருக்கும் சேதமில்லாம ஆளுகளைக் கிளப்பறதுக்கு இதைவிட வேற வழி உண்டுங்களா? குடிசைக்குப் பின்னால டயரும் துணியும் குவிச்சுக் கெடந்துச்சு. அதுல வெச்சேன்.

நான் நெனைச்சது டயரு மெதுவாப் பிடிச்சு எரியும்னு. ஆனா பூமியே பிடிச்சுக்கிச்சு சார். தரையோட தரையா நீலமா ஒரு தீ, பாம்பு ஓடற மாதிரி ஓடுது. ஓடற பக்கமெல்லாம் டப்பு டப்புன்னு வெடிக்குது. ஒரு டீ குடிச்சு முடிக்கற நேரம்கூட இல்லை, நாப்பத்தி மூணும் பிடிச்சிருச்சு. அப்பத்தான் இருமல் சத்தம் கேட்டுச்சு. எங்கக்கா குடிசையில இருந்து.

மனு எழுதுன ஆளு மனு குடுக்கப் போகாம இருப்பாருன்னு யாருக்குத் தெரியும்? ஒடிஞ்ச கையில சீழ் வெச்சு, குளிர் காய்ச்சல் வந்து, படுத்துட்டாராம். அது எனக்குத் தெரியாதுங்க.

உள்ள பாஞ்சேன். ஆமாங்க, நான்தான் பாஞ்சேன், வேற யாரும் வரலை. தார்ப்பாய் உருகிச் சொட்டுச் சொட்டா மேல விழுகுது. மச்சான் அந்த அட்டைப்பெட்டியை ஒத்தைக் கையால நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வாசலைத் தேடறாரு. ஊர்ச்சனத்தோட ரேஷன் கார்டெல்லாம் அதுக்குள்ள. பெட்டியே எரியுது, விடமாட்டேங்கறாரு. அப்படியே இழுத்துட்டு வெளிய வந்தேன். அவரு தோலு என் கையில ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. இந்தா பாருங்க, இந்த ரெண்டு விரலு இன்னமும் மடங்காது. கொல்லணும்னு நெனைக்கறவன் உள்ள போய்க் காப்பாத்துவானா, சொல்லுங்க?

மூணு நாளு இருந்தாரு. எங்கக்கா ஆஸ்பத்திரிக்கு வந்ததும் என் கையிலிருந்த கட்டைப் பாத்தா, மூஞ்சியைப் பாத்தா. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. வளத்தவ இல்லீங்களா. ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"உள்ள ஆளிருக்கான்னு பாத்தியாடா?"

"பாத்தேன்க்கா. நல்லாப் பாத்துட்டுத்தான் வெச்சேன்."

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன சார். பாக்கலீங்க. நாப்பத்தி மூணு குடிசையையும் எட்டி எட்டிப் பாத்துட்டா இருப்பாங்க?

மாஜிஸ்திரேட்டு வாக்குமூலம் வாங்க வந்தாரு. அதுக்கு முன்னால எங்கக்கா மச்சான் காதோட குனிஞ்சு ரொம்ப நேரம் பேசுனா. நான் கதவுக்கு வெளிய நின்னேன். மச்சான் குரலு காத்து மாதிரிதான் வருது, ஆனா ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. "கஞ்சி காய்ச்சலாம்னு ஸ்டவ்வைப் பத்த வெச்சேன். ஒத்தைக் கை. ஸ்டவ்வு வெடிச்சிருச்சு. யாரு மேலயும் சந்தேகமில்லை."

பாத்தீங்களா? அவரே சொல்லிட்டாரு. செத்துப் போற மனுசன் சொன்னதுக்கு மேல ஒரு கோர்ட்டு இருக்கா? அத்தோட விசயம் முடிஞ்சுதா இல்லையா? எனக்கு அன்னைக்குத்தான் மூச்சே வந்துச்சு. அன்னைக்கு மத்தியானம் மச்சான் போயிட்டாரு. நானும்தான் அழுதேன். மொட்டையடிச்சுக்கிட்டேன்.

சனங்களை மாடி வீட்டுக்கு ஏத்தி அனுப்புனாங்க. மேட்டைச் சலிச்சாங்க, மூடுனாங்க, புல்லு வெச்சாங்க, ஃபவுண்டன் வெச்சாங்க. எனக்குச் சொன்னபடி காக்கி குடுத்தாங்க. சும்மா சொல்லக் கூடாது, லோகநாதன் சார் வாக்குத் தவறாதவரு. ஆனா எங்கக்கா எங்கூடப் பேச்சை நிறுத்திட்டா. நாலு வருசங்க. பொங்கலுக்குச் சேலை எடுத்துட்டுப் போனா கதவைத் திறக்க மாட்டா. நாலு மாடி ஏறிப் போயி, கதவுல மாட்டிட்டு எறங்கி வருவேன். அடுத்த வருசம் போனா அது அங்கயே தொங்கும், வெளுத்துப்போயி.

போன ஞாயித்துக்கிழமை அவளா வந்தா. டிக்கெட் வாங்கிட்டு உள்ள வந்தா சார். நான் ஓடிப்போயி, "உனக்கெதுக்குக்கா டிக்கெட்டு?"ன்னேன். அவ பாட்டுக்கு அதோ அந்தப் படியில ஏறி மேல வந்துட்டா. மேல நின்னு சறுக்கு மரத்தையே பாத்துட்டிருந்தா. அப்பறம் பேசுனா.

"சாமி, கிளம்பு. ஸ்டேஷனுக்குப் போயிட்டு வரலாம்."

"எதுக்குக்கா?"

"நாப்பத்தி ரெண்டு வீட்டுக்காரங்களும் எம்புருசனைத் திட்டறாங்கடா. அவரு ஸ்டவ்வுலதான் எங்க பொழப்பே எரிஞ்சுதுன்னு. குழாயடியில திட்டறாங்க, மாடிப்படியில திட்டறாங்க. நேத்து ஒருத்தி அவரு போட்டோவுல எச்சித் துப்பிட்டா. அவங்களுக்காகச் செத்தவரு. நான் சொல்லச் சொன்ன பொய்யி. இவன் ஒருத்தன்தான் எனக்கு மிச்சம், விட்டுருங்கன்னு நான்தான் கேட்டேன். என்னால இதுக்கு மேல சுமக்க முடியலை. நீ வந்து உன் வாயால சொல்லிரு."

நாலு வருசம் கழிச்சு வாயைத் திறந்து பேசுறது இதையா? நான் எடுத்துச் சொன்னேன். "அக்கா, மச்சானே சொல்லிட்டாரு, அதைப் போயி நாம மாத்தலாமா? போனவரு வார்த்தைக்கு ஒரு மரியாதை இல்லையா?"ன்னேன். அவ என் விசில் கயித்தைப் பிடிச்சா. பிடிச்சு இழுத்தா, மாட்டை இழுக்கற மாதிரி. குடும்பம் குடும்பமா உக்காந்திருக்கறவங்க எல்லாம் பாக்கறாங்க. யூனிபாரத்துல இருக்கேன் நான். கயிறு கழுத்தை அறுக்குது. கையை எடுத்து விட்டேன், அவ்வளவுதான். கொஞ்சம் வேகமா எடுத்து விட்டுட்டேன்னு நெனைக்கறேன். இருபத்திரெண்டு படிங்க. உருண்டுட்டே போனா. கீழ கருங்கல்லு. இடுப்பு எலும்பு போச்சு.

நான் விட்டுட்டு ஓடலை சார். எங்கம்மா மாதிரி அவ. என் தோள்லதான் தூக்கிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில நர்சம்மா எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. "படியில வழுக்கி விழுந்துட்டாங்க"ன்னு சொன்னேன். அவங்களும் எழுத ஆரம்பிச்சாங்க.

எங்கக்கா கண்ணைத் திறந்து என்னைப் பாத்தா. கோவமாப் பாத்திருந்தாக்கூடப் பரவாயில்லை. சோறு ஊட்டும்போது பாக்கற மாதிரியே பாத்தா. அப்பறம் நர்சம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, நிதானமா, ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னா.

"வழுக்கலைம்மா. இவன் தள்ளுனான். நாலு வருசத்துக்கு முன்னால கரட்டுமேட்டுல தீ வெச்சதும் இவன்தான். எம்புருசன் ஸ்டவ்வே பத்த வெக்கலை. போலீசைக் கூப்பிடு, நானே சொல்றேன்."

முந்தாநாளு வந்து எழுதிக்கிட்டுப் போயிட்டாங்களாம். ஓதியப்பன் உட்பட ஒம்பது பேரு, நான் மச்சானைப் பைப்பால அடிச்சதுக்குச் சாட்சின்னு கையெழுத்துப் போட்டிருக்கானுக. லோகநாதன் சாருக்குப் போன் பண்ணுனேன். எந்த மருதாசலம்னு கேட்டுட்டு வெச்சுட்டாரு. நான் ஒரு எடத்துக்கும் ஓடலைங்க. எங்க ஓடறது? டூட்டிக்கு வந்துட்டேன். நேத்தும் வந்தேன், இன்னைக்கும் வந்தேன்.

நீங்க படிச்சவரு, சொல்லுங்க. கூடப் பொறந்தவ செய்யற காரியமா இது? நாளைக்கு அவளால எந்திரிச்சு நடக்க முடியாது. நான் இல்லைன்னா அவளைத் தூக்கி உக்கார வெக்க யாரு இருக்கா? அதையாவது யோசிச்சுப் பாக்க வேண்டாமா?

அட, ஜீப்பு வந்துருச்சு. கீழ கேட்டுப் பக்கம் பாருங்க. ரெண்டு பேரு எறங்கறாங்க. டிரைவரு வண்டியை இந்தப் பக்கம் திருப்பறானே, உள்ள விடப் பாக்கறான் போல.

நீங்க உக்காருங்க சார், நான் போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன். வண்டியெல்லாம் உள்ள வரக்கூடாதுங்க. நேத்துத்தான் அந்த வழியில புதுப் புல்லு பதிச்சிருக்கோம், சக்கரம் ஏறுனா எந்திரிக்கவே எந்திரிக்காது.